நியூபோர்ட் ஜெப ஆலயமும் ஒரு பதில் கடிதமும்

நண்பர்களே, வணக்கம்.

சகிப்புத்தன்மை என்ற சொல்லை மேடைதோறும் புகழ்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. தலைவலியைச் சகித்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம். மனிதரையுமா? 1790-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரத்து யூதச் சபைக்கு வந்த கடிதம் இந்தக் கேள்வியைத் தொட்டது. அந்தச் சபையின் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நியூபோர்ட் ரோட் ஐலண்டில் உள்ள துறைமுகம். மதத்துக்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று 1663-ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே எழுதி வாங்கிய காலனி அது. 1677-இல் அங்கே யூதர்கள் இடுகாட்டுக்கு நிலம் வாங்கினார்கள். கவனியுங்கள், அவர்களின் வழிபாட்டு இடமான ஜெப ஆலயம் திறக்க அப்புறம் 86 ஆண்டுகள் ஆயின. புதைக்க நிலம் வாங்குகிறவர்கள், இனி இதுதான் நம் ஊர் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டவர்கள்.

ஊர் அப்படி நினைத்ததா? ஆரோன் லோபஸ் என்ற யூதர் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்தவர். அங்கே வெளிப்பார்வைக்குக் கிறிஸ்தவராக, துவார்த்தே என்ற பெயரில் வாழ்ந்தவர். 1752-இல் நியூபோர்ட் வந்த பிறகுதான் ஆரோன் ஆனார். பெரும் வணிகராக வளர்ந்தார். பீட்டர் ஹாரிசன் வரைந்த திட்டப்படி 1759-இல் ஜெப ஆலய வேலை தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே லோபஸ் குடியுரிமை கேட்டார். கிறிஸ்தவர் அல்ல என்று 1762-இல் நீதிமன்றம் மறுத்தது. பக்கத்து மாசசூசெட்ஸுக்குப் போய் வாங்கினார். சாசனம் என்ன ஆயிற்று என்று எனக்குக் கோபம் வருகிறது. அதே லோபஸின் கப்பல்கள் ஆப்பிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச் சென்றதையும் நான் மறைக்கக் கூடாது.

1763 டிசம்பர் 2-இல் ஆலயம் திறந்தது. உள்ளே பழைய இஸ்ரேலின் பன்னிரண்டு கோத்திரங்களை நினைவூட்டும் பன்னிரண்டு தூண்கள். தெருவை ஒட்டி நேராக நிற்காமல், எருசலேமின் திசை பார்த்துச் சாய்ந்து நிற்கும் கட்டடம். அமெரிக்காவில் இன்று எஞ்சியுள்ள ஜெப ஆலயங்களில் இதுவே மிகப் பழையது. விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தது. யூதர்களில் பலர் வெளியேறினார்கள். விறகுக்காக வீடுகளை உடைத்த நாட்களில், மருத்துவமனையாக இருந்ததால் இது தப்பியது.

சரி, கடிதத்துக்கு வருவோம். 1790 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட் வந்தார். சபையின் சார்பில் மோசஸ் செய்ஷஸ் வரவேற்பு மடல் எழுதினார். 'மதவெறிக்கு ஒப்புதல் தராத, துன்புறுத்தலுக்குத் துணைபோகாத அரசு' என்ற கருத்து அவருடையது. வாஷிங்டன் அதை அப்படியே எடுத்துப் பதிலில் எழுதினார். உலகம் குடியரசுத் தலைவரின் வரியாகவே அதை மேற்கோள் காட்டுகிறது. செய்ஷஸின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிலில் இன்னொன்றும் இருந்தது: ஒரு கூட்டம் தயவு காட்டி, இன்னொரு கூட்டம் தன் இயல்பான உரிமையை அனுபவிப்பது போலச் சகிப்பைப் பற்றிப் பேசும் காலம் போய்விட்டது என்றார். அவரவர் தம் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் பயமின்றி உட்கார வேண்டும் என்ற வேதவசனத்தையும் சேர்த்தார்.

ஆனால் போர் கெடுத்த வணிகம் திரும்பவில்லை. 1822-இல் கடைசி யூதரும் ஊரை விட்டுப் போனார். கட்டடத்தின் பொறுப்பு நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் என்ற யூதச் சபையிடம் இருந்தது. நியூபோர்ட் ஆலயத்தில் முன்பு வழிபாடு நடத்திய ஐசக் தூரோவின் மகன்கள் விட்டுச்சென்ற பணத்தில் பூட்டிய கட்டடமும் இடுகாடும் பராமரிக்கப்பட்டன. 1883-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களுக்காகக் கதவு மறுபடி திறந்தது. இப்போதும் ஆண்டுதோறும் அந்தப் பதில் கடிதத்தை அங்கே உரக்க வாசிக்கிறார்கள்.