எழுந்தபின் முதல் அரைமணி நேரம்

அவையோருக்கு வணக்கம்.

காலையில் படுக்கையை விட்டு எழ மனமே வருவதில்லை என்று என்னிடம் சொல்பவர்களில் பெரும்பாலோர், அடுத்த மூச்சிலேயே தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். "நான் சோம்பேறி", "எனக்கு மன உறுதி போதாது" என்கிறார்கள். இன்று முதல் வேலையாக அந்தப் பழியை உங்கள் தலையிலிருந்து இறக்கிவைக்க விரும்புகிறேன்.

கண் திறந்த மாத்திரத்தில் மூளை முழுவதும் விழித்துக்கொள்வதில்லை. உணர்வு வந்துவிடுகிறது, திட்டமிடுகிற, முடிவெடுக்கிற முன்பகுதி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. நாம் தூக்கக் கலக்கம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை ஆய்வாளர்கள் தனியொரு நிலையாகவே அளந்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது 15 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கிறது. முந்தைய இரவின் தூக்கம் போதாவிட்டால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். உடல் அதற்குள் தன் பங்கைத் தொடங்கிவிடுகிறது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் விழித்தவுடன் கிடுகிடுவென ஏறுகிறது. ஆனால் அது உச்சத்தைத் தொடவே 30 முதல் 45 நிமிடம் ஆகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். போர்வைக்குள் கிடந்தபடி "இன்று என்னால் ஒன்றும் ஆகாது" என்று முடிவு கட்டுகிறோமே, அந்த முடிவை எடுப்பது யார்? இன்னும் முழுதாக விழிக்காத மூளை. ஆகவே எழுந்த முதல் அரைமணி நேரத்தில் உங்கள் வேலையைப் பற்றியோ உறவைப் பற்றியோ எதிர்காலத்தைப் பற்றியோ எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் தோன்றும் சலிப்பு உண்மையான செய்தியாகவும் இருக்கலாம், வெறும் கலக்கமாகவும் இருக்கலாம். அரைமணி கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்த அரைமணியில் என்னதான் செய்வது? ஏற்கெனவே முடிவு செய்துவைத்த ஒன்றைச் செய்வது. எனக்கு இதில் உறுதியான நம்பிக்கை உண்டு: ஊக்கம் வந்தபின் செயல் என்று காத்திருப்பவருக்கு ஊக்கம் வருவதே இல்லை. செயல் முதலில், ஊக்கம் அதன் பின்னால். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதை ஒரு முறையாகவே கையாளுகிறார்கள். 1970-களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் வகுத்த வழி அது. மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்க விடாமல், சிறு சிறு செயல்களை நாளின் அட்டவணையில் முதலில் வைத்தார்கள். மனநிலை அவற்றைப் பின்தொடர்ந்து மாறும் என்பது அதன் அடிப்படை.

முடிவு மட்டும் முந்தைய இரவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். "நாளை சீக்கிரம் எழுந்து ஏதாவது உருப்படியாகச் செய்வேன்" என்பது முடிவு ஆகாது, அது ஆசை. "அலாரத்தை நிறுத்தியதும் முகம் கழுவுவேன், முகம் துடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன்" என்பதுதான் முடிவு. இது நடந்ததும் அது என்று கோத்துவைத்த திட்டம், வெறும் நோக்கத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதன் நன்மை வெளிப்படை. காலையில் யோசிக்கவேண்டிய சுமை இல்லை.

இதற்கு நேர்மாறாக, நம்மில் பலருக்கு வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். அலாரம் அடிக்கிறது. கை தலையணைக்கு அடியில் துழாவுகிறது. அலாரத்தை நிறுத்திய அதே கட்டைவிரல் திரையை மேலே தள்ளத் தொடங்குகிறது. நள்ளிரவில் வந்த அலுவலகச் செய்தி ஒன்று, எங்கோ நடந்த விபத்து, என்றோ உடன் படித்தவரின் புது வீட்டுப் படம். கால் இன்னும் தரையில் படவில்லை. அதற்குள் ஒரு பதில் கடன், ஒரு பயம், ஒரு பொறாமை மூன்றும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டன. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கைபேசியை நான் குறை சொல்லவில்லை. அது படுக்கையில் இருப்பதைத்தான் சொல்கிறேன். இரவில் அதை அடுத்த அறையில் வையுங்கள். நேரம் காட்டவும் எழுப்பவும் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் போதும். எழுந்து நடந்து போய் நிறுத்தவேண்டிய தொலைவில் அது இருக்கட்டும். அந்த நாலு அடியே உங்கள் நாளின் முதல் செயல்.

இரண்டாவது செயலாக எதை வைப்பது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: வெளிச்சம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள், எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்காத விஷயம்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. நம் உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடல் சூடேற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு. அணுக்களுக்குள் இத்தகைய கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலோருக்குச் சரியாக 24 மணி நேரம் அல்ல, சில நிமிடங்கள் கூடுதல். பின்தங்கி ஓடும் கைக்கடிகாரத்தைத் தினமும் திருகிச் சரிசெய்வது போல, நம் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்யவேண்டியிருக்கிறது. அதைச் செய்வது காலை ஒளி. விழித்திரையில் இதற்கென்றே தனி அணுக்கள் இருக்கின்றன; காட்சியைப் பார்ப்பதைவிட, வெளிச்சம் எவ்வளவு என்று கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முதன்மையான வேலை.

அறைக்குள் விளக்கைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கின் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான். நன்றாக விடிந்தபின் வெளியே நின்றால், தெளிந்த வானில் 10,000 லக்ஸை எளிதாகத் தாண்டும். மேகம் மூடியிருந்தாலும் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் குறையாது. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரும் வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை, கடிகாரத்துக்கு உறைக்கிறது. ஆகவே எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய்ச் சற்று நேரம் நில்லுங்கள், நடந்தால் இன்னும் நல்லது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். காலை ஒளி கடிகாரத்தை முன்னே இழுப்பதால் இரவில் தூக்கமும் நேரத்தோடு வரும். அடுத்த காலை அங்கேயே எளிதாகத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவதாக எதை வைப்பது என்பதை நான் சொல்லமாட்டேன். அதை நீங்கள்தான் தேடவேண்டும். ஒருவருக்கு இரண்டு பக்கம் படிப்பது, ஒருவருக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒருவருக்குப் பாட்டுப் பயிற்சி, இன்னொருவருக்கு யாருடனும் பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. ஒரே ஒரு சோதனை போதும்: இரவு படுக்கும்போது, நாளை காலை அது காத்திருக்கிறது என்று நினைத்தால் மனம் கொஞ்சமாவது மலர்கிறதா? மலராவிட்டால், அது எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும் காலையின் அந்த இடத்துக்கு உரியதல்ல. பகலில் வேறு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கடமைகளை மட்டுமே அடுக்கிய காலையை யாரும் விரும்பி எழுந்து வரவேற்பதில்லை.

பெரியவர்களின் அட்டவணைகளைப் பார்த்து நகலெடுக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நாளை மணிவாரியாக வகுத்துவைத்தார். அவர் 5 மணிக்கு எழத் திட்டமிட்டதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே அட்டவணையில் உறக்கம் இரவு 10 மணிக்குத் தொடங்குகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஏழு மணி நேரத் தூக்கம்! 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவும் அதுதான். நள்ளிரவு தாண்டிப் படுத்துவிட்டு 5 மணிக்கு அலாரம் வைப்பது ஒழுக்கம் ஆகாது. அது தூக்கத்தைத் திருடுவது.

பிராங்க்ளினிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று. காலைக்கு அவர் ஒரு கேள்வியும் எழுதிவைத்திருந்தார்: இன்று என்ன நன்மை செய்யப்போகிறேன் என்று. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தாலே எழுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பதின்ம வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கி நகர்கிறது. பத்து மணிக்கு அவர்களுக்குத் தூக்கம் வராதது பிடிவாதம் அல்ல. இதை ஏற்றுக்கொண்டு கலிபோர்னியா மாநிலம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்ற சட்டத்தை 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் நம் கையில் இல்லை. ஆனால் "சோம்பேறி" என்று கூவி எழுப்பாமலாவது இருக்கலாம் அல்லவா? இரவுப் பணிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதே பரிவு வேண்டும். அவர்கள் எப்போது எழுகிறார்களோ அதுவே அவர்களுக்குக் காலை.

எத்தனை நாளில் பழக்கமாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனக்கு மிகப் பிடித்த முடிவு இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துபோகவில்லை. தவறிய மறுநாள் தொடர்ந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒவ்வொரு காலையும் பாரமாக இருக்கிறது, எதிலும் நாட்டமில்லை, விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்து மனம் கலங்குகிறது என்றால், பழக்கங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போதிய நேரம் தூங்கியும் களைப்புத் தீராவிட்டாலும், உறக்கத்தில் மூச்சுத் திணறுவதாக வீட்டில் சொன்னாலும் அப்படியே. இவற்றை மன உறுதியால் சமாளிக்க முயன்று வருடங்களை இழப்பவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்றிரவு படுக்கும் முன் ஒரு சீட்டில் மூன்றே வரி எழுதுங்கள். அலாரத்தை நிறுத்தியதும் என்ன, அது முடிந்ததும் என்ன, அதன்பின் உங்களுக்குப் பிடித்தது என்ன. சீட்டைக் கடிகாரத்தின் மேல் ஒட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுச் சூழலில் இதில் எது நடக்கும், எது நடக்காது என்று கேட்க விரும்புகிறவர்கள் இப்போது கேட்கலாம்.