3,000 அடியில் ஓர் எல்லை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கே ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்று பெயர். உள்ளே இருப்பது 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த பாலைவனம். ஒரு மார்ச் மாதம் நானும் என் சித்தப்பா மகனும் அதன் தெற்கு முனையிலிருந்து மேற்கு வாசல் வரை ஒரே பகலில் சைக்கிளில் போனோம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

அங்கே இரண்டு பாலைவனங்கள் சேருகின்றன. தாழ்வாகவும் சூடாகவும் இருப்பது கொலராடோ பாலை. உயரத்தில், குளிர்ந்து கிடப்பது மொஹாவி பாலை. ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது. காரில் போகிறவர்களுக்கு அந்த இடம் சில நிமிடத்தில் பின்னால் போய்விடும். எங்களுக்கு அதைக் கடக்கப் பிற்பகலில் பாதி ஆயிற்று.

காட்டன்வுட் என்ற முகாமில் இரவு தங்கி, விடியற்காலையில் குழாயடியில் நின்றோம். அந்தக் குழாயை விட்டால் எங்கள் வழியில் மேற்கு வாசல் வரை குடிதண்ணீர் கிடையாது, கடையும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. மிதிக்கிறவனுக்கு அது காணாது. ஆளுக்கு 7 லிட்டர் கட்டிக்கொண்டோம். அதாவது கேரியரில் 7 கிலோ கூடுதல் பாரம்.

பின்டோ சமவெளியை நோக்கி இறங்கும்போது என் பின் சக்கரம் தளர்ந்தது. இறங்கி டயரைச் சுற்றிப் பார்த்தால் ஒரு முள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நெருஞ்சி! வயல் வரப்பில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் மண்ணில் முளைக்கும் அதே செடிதான். கடலுக்கு இந்தப் பக்கத்து நிலங்களிலிருந்து அமெரிக்கா போய்ப் பரவிவிட்டது. அங்கே அதற்கு 'ஆட்டுத்தலை' என்று பெயர். காயில் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா! அதைத் தின்று அடக்குவதற்கென்றே 1961இல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இருந்தும் அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்கு இன்றும் பெரிய தொல்லை அதுதான். முந்தின நாள் இந்தியோ என்ற ஊரில் சாலையோர மண்ணில் வண்டியை நிறுத்தினோம். அங்கே ஏறியிருக்க வேண்டும்.

பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார்கள். இங்கே சட்டிக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? ட்யூபில் காற்றடித்து உதட்டுக்குப் பக்கத்தில் மெல்ல நகர்த்திக்கொண்டே வரவேண்டும். கைக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும். தம்பிதான் பிடித்தான்: "அண்ணே, இங்கதான். ஊசி மாதிரி அடிக்குது." உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்து ஒட்டுப் போட்டோம். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தபோது முறிந்த முள் நுனி இன்னொன்றும் அகப்பட்டது. அதை விட்டிருந்தால் அடுத்த மைலிலேயே மறுபடி உட்கார்ந்திருப்போம்.

சமவெளி கண்ணை ஏமாற்றுகிறது. சாலையின் மறுமுனை தெளிவாகத் தெரியும். மணிக்கணக்கில் மிதித்தும் கிட்டே வராது. இருபுறமும் கிரியோசோட் புதர்கள், யாரோ அளந்து நட்டது போல இடைவெளி விட்டு. பிறகு ஒக்கொட்டீயோ என்ற செடிகள்: வெறும் குச்சிக் கட்டு, ஒவ்வொரு நுனியிலும் சிவப்புப் பூ. அதைத் தாண்டியதும் சொய்யா என்னும் கள்ளித் தோட்டம். தூரத்தில் பஞ்சு போல மினுக்கும். இலேசாக உரசினாலும் துண்டு முறிந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனி தூண்டில் போல எதிர்ப்பக்கம் மடங்கியிருப்பதால் கையால் பிடுங்கக்கூடாது. சீப்பை நடுவே விட்டு நெம்பித் தள்ள வேண்டும். பையில் சீப்பு வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் ஏற்றம். கியரைக் குறைத்துக்கொண்டே போகிறோம். முதலில் கள்ளி நின்றது. பிறகு ஒக்கொட்டீயோ கண்ணில் படவில்லை. காற்றில் குளிர் ஏறியது. தொடை நடுங்கிய ஒரு திருப்பத்தைத் தாண்டிப் பாறைகள் தொடங்கின. இன்னும் மேலே போனதும் முதல் ஜோஷுவா மரம், கைகளை வானத்துக்குத் தூக்கியபடி. பாலைவனம் மாறுவது உயரத்தால் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்று அது என் முழங்காலில் ஏறி நின்றது.

மரம் என்கிறோமே தவிர அது யக்கா இனம், ஆனைக்கற்றாழைக்கு உறவு. உள்ளே ஆண்டு வளையம் கிடையாது, வெட்டினாலும் வயது சொல்லாது. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். அதன் மகரந்தத்தைச் சேர்த்துவைப்பது ஒரே ஒரு சிறு அந்துப்பூச்சி. பெண் பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, இன்னொரு பூவில் முட்டையிட்டு, அந்தப் பூவின் சூல்முடியில் அந்த உருண்டையைத் தானே அழுத்தித் திணிக்கும். புழுக்கள் விதையில் கொஞ்சம் தின்னும், மிச்சம் மரத்துக்கு. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. கவியா பழங்குடியினர் இந்த இலையின் நாரில் செருப்பும் கூடையும் பின்னினார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டங்களுக்காக இங்கிருந்த செடிகளை வேரோடு தோண்டி அள்ளிய காலம் உண்டு. கணவனையும் மகனையும் இழந்த மினர்வா ஹோய்ட் என்ற பெண்மணி ஆண்டுக்கணக்கில் அலைந்து போராடித்தான், 1936இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். 1994இல் தேசியப் பூங்கா ஆயிற்று. இப்போது வந்திருப்பது வேறு ஆபத்து. வெப்பம் கூடக்கூட, வறண்ட தாழ்நிலங்களில் புதிய கன்றுகள் பிழைப்பதில்லை. கிழ மரங்கள் மட்டும் நிற்கின்றன. இந்த மரத்துக்காகவே 2023இல் கலிபோர்னியா தனிச் சட்டம் இயற்றியது. அன்று சாலையோரத்தில் முழங்கால் உயரக் கன்று ஒன்றைப் பார்த்து இருவரும் வண்டியை நிறுத்திவிட்டோம். சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

ஜம்போ ராக்ஸ் என்ற பாறை முகாமில் உயரம் 4,400 அடி. எதிர்காற்று முகத்தில் அடித்தது. வீடு வீடாய் அடுக்கிய கருங்கல் உருண்டைகளை நின்று பார்க்க நேரமில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடைசி இறக்கத்தில் மிதிக்காமலே உருண்டோம்.

மேற்கு வாசலை நெருங்கும்போது தண்ணீர்க் குழாய் வந்தது. என் பாட்டிலில் இரண்டு வாய் மிச்சம், தம்பியிடம் ஒரு வாய். வெயிலில் சூடேறிக் கிடந்த அதை முதலில் குடித்து முடித்தோம். பிறகுதான் குழாயைத் திறந்தோம்.

வணக்கம்.