கண் இமை ஆபரேஷனுக்கு அப்புறம்: எதுக்குப் பொறுக்கணும், எதுக்கு ஓடணும்

எல்லாருக்கும் வணக்கம். இமை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க மூணாவது நாள் கண்ணாடியைப் பார்த்துட்டுக் கேக்கறது ஒண்ணுதான்: "ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது, கோணிப்போச்சா?" இல்லைங்க. வீக்கம் முதல் 2, 3 நாள் ஏறத்தான் செய்யும். ரெண்டு கண்ணும் ஒரே வேகத்துல வத்தாது. நீலம் கன்னத்துக்கு இறங்கினாலும் பயப்படாதீங்க, தோலுக்கு அடியில தங்கின ரத்தம் கீழ வடியுது, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணுக்கு மட்டும் பொறுக்கவே கூடாது. ஒரு கண்ணுல திடீர்னு கடுமையான வலி, கண்ணு முன்னால தள்ளிக்கிட்டு கல்லு மாதிரி இறுகுது, பார்வை குறையுது. இது கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சு பார்வை நரம்பை நெரிக்கிறது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துல வரும். ராத்திரி 2 மணியா இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்க, விடியட்டும்னு இருந்தா பார்வையே போயிடலாம்.

டாக்டர் கொடுத்த கண் களிம்பு போட்டாலும் மங்கலாத்தான் தெரியும். அந்த மங்கலுக்கும் ஆபத்தான பார்வைக் குறைவுக்கும் வித்தியாசம் எப்படி? ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால விரல் எண்ணிப் பாருங்க, அப்புறம் மாத்திப் பாருங்க. களிம்பு மங்கல்னா ரெண்டு மூணு தடவை சிமிட்டினா கொஞ்சம் தெளியும். தெளியலைன்னா போன் பண்ணுங்க. இதுக்காகத்தான் கண்ணை இறுக்கமா கட்டி மறைக்காதீங்கன்னு சொல்றது.

ஒத்தடம் முதல் 48 மணி நேரம். ஐஸ் தண்ணில சுத்தமான காஸ் துணியை நனைச்சுப் பிழிஞ்சு, மூடின இமை மேல லேசா வைங்க. முழிச்சிருக்கிற நேரத்துல மணிக்கு 10, 15 நிமிஷம் போதும். ஐஸ்கட்டியை நேரா வைக்காதீங்க. இமை மரத்துப் போயிருக்கும், தோல் புண்ணாகிறதே உங்களுக்குத் தெரியாது. தூங்கும்போது தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுங்க. குனியறது, கனம் தூக்கறது, முக்கறது வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எல்லாம் நீங்களா எடுக்காதீங்க, ரத்தக்கசிவு கூடும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடறவங்க நீங்களா நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேளுங்க.

அதிகம் பேர் கவனிக்காம விடறது ராத்திரியில. வீக்கத்தால மேல் இமை கொஞ்ச நாள் முழுசா மூடாது. தூங்கறப்ப ஒரு கீத்து வெள்ளை தெரியும், வீட்ல யாரையாவது டார்ச் இல்லாம பார்க்கச் சொல்லுங்க. அந்தக் கீத்து வழியா கருவிழி காயும். காலைல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணியா கொட்டும். பகல்ல செயற்கைக் கண்ணீர் சொட்டு, படுக்கும்போது களிம்பு. சொட்டை அடிக்கடி போடணும்னா பிரிசர்வேடிவ் (கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிறது) இல்லாததா கேட்டு வாங்குங்க.

தையல் வழக்கமா 5லிருந்து 7 நாள்ல எடுப்பாங்க. கான்டாக்ட் லென்ஸும் கண் மேக்கப்பும் ரெண்டு வாரத்துக்குத் தள்ளிப்போடுங்க, அதுவும் டாக்டர் சரின்னு சொன்ன பிறகு. தையல் கோட்டுல வெள்ளைப் புள்ளியா சின்னக் கட்டி வரலாம், நகத்தால கிள்ளாதீங்க. சிவப்பு பரவி, சூடு, சீழ், காய்ச்சல்னா கிருமித் தொற்று, அன்னைக்கே காட்டணும்.

கீழ் இமை வெளிப்பக்கமா இழுத்த மாதிரி தெரிஞ்சா சீக்கிரம் காட்டுங்க. மசாஜ் போதுமான்னு டாக்டர்தான் சொல்லணும். கோணல் நிஜமாவே இருந்தாலும், திருத்த ஆபரேஷனுக்கு பொதுவா 6 மாசமாவது பொறுக்கச் சொல்வாங்க, தழும்பு இளகணும். அதுவரை மாசத்துக்கு ஒண்ணு, ஒரே வெளிச்சத்துல நேரா பார்த்து போட்டோ எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட காட்ட உதவும்.