கண்மாயில் கிடைத்த கீழ் எல்லை

(கல்லூரி ஆசிரியர்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே, இந்த அரங்கைத் தம் தந்தையாரின் நினைவாகக் கட்டிக் கொடுத்திருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே, ஒரு காலத்தில் என் வகுப்பின் கடைசி வரிசையை ஆண்டவரும் இன்று பாடத்திட்டக் குழுவின் தலைவராக முதல் வரிசையில் வீற்றிருப்பவருமான கணிதத் துறைத்தலைவர் அவர்களே, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். செயலர் அவர்கள் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. சென்ற முறை இங்கே பெற்ற ஆடை, எங்கள் ஊர்க் கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியின் தோளில் இருக்கிறது. இதுவும் அங்கேதான் போகும், செயலர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சமூகப் பணியைக் கல்லூரிப் பாடத்தோடு இணைத்து அதற்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்கான மதிப்பு அலகு, வழங்குவது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, சேவை வேறு, சேவை செய்துகொண்டே பாடத்தையும் கற்கும் சேவைவழிக் கற்றல் வேறு என்பது. இரண்டு, அதை மதிப்பிடும் முறை. மூன்று, அதற்கான செலவும் ஆசிரியரின் பணிச்சுமையும். எல்லாவற்றுக்கும் மேலாக என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் முதுகலைப் பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்த அன்றும் அவர் இதைத்தான் சொன்னார்.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதன் திட்ட அலுவலராக நானும் பணியாற்றியிருக்கிறேன். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்று எத்தனையோ பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துச் சென்ற அந்தத் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். முகாமுக்குப் போன ஒரு சிற்றூரில், சென்ற ஆண்டு மரக்கன்று வைக்கத் தோண்டிய அதே குழியிலேயே இந்த ஆண்டும் கன்று வைத்தோம். குழி தயாராக இருக்கிறதே என்று பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். சென்ற ஆண்டுக் கன்று என்ன ஆயிற்று என்று அவர்களில் இருந்த தாவரவியல் மாணவர்கள்கூடக் கேட்கவில்லை. அவர்கள் படித்த பாடத்துக்கும் அந்தக் குழிக்கும் தொடர்பு உண்டென்று நாம் அவர்களிடம் சொன்னதே இல்லை. சேவை நடந்தது, கற்றல் நடக்கவில்லை.

நம் பட்டப்படிப்பில் ஐந்தாம் பகுதியாக விரிவாக்கச் செயல்பாடு என்று ஒன்று இருப்பதைத் துணைவேந்தர் அவர்கள் நன்கு அறிவார்கள். மொத்தம் 140 கிரெடிட்டுகளில் அதற்கு உரியது ஒன்றே ஒன்று. வெயிலில் நின்று உழைத்தவனுக்கும் அந்த ஒன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனவனுக்கும் அதே ஒன்று. நான் கேட்பது அந்த ஒன்றை இரண்டாக்கும்படி அல்ல. பகுதி மூன்றில், முதன்மைப் பாடத்துக்கு உள்ளேயே, அந்தந்தத் துறையின் அறிவு ஊருக்குப் பயன்படும்படியும் ஊரின் அறிவு அந்தப் பாடத்துக்குள் வரும்படியும் இரண்டு கிரெடிட்டுகளை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். களப்பணியில் ஒரு கிரெடிட் என்பது வாரம் 2 மணி நேரம், 15 வாரங்களுக்கு 30 மணி நேரம். இது புதுமையும் அன்று. வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் உழவர்களோடு தங்கிப் பணி அனுபவம் பெறுகிறார்கள். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சிற்றூரில் தங்கிப் பயில்வது நெடுநாளைய வழக்கம். சமூகப்பணித் துறையில் களப்பணி இல்லாமல் பட்டமே இல்லை. அவர்களுக்கு முடிவது கணிதத்துக்கும் வணிகவியலுக்கும் ஏன் முடியாது?

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதியுங்கள். சற்று நீளமானது.

எண்ணியல் முறைகள் பாடத்தில் சரிவக விதியை நடத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்கற்ற வடிவத்தின் பரப்பையும் கொள்ளளவையும் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அது. ஒரு மாணவன் எழுந்து, "சார், இது எங்க உதவும்?" என்றான். கடைசி வரிசைதான். துறைத்தலைவர் அவர்கள் சிரிக்கிறார்கள், ஆகவே பெயர் வேண்டாம். எனக்குத் தாயாரின் நினைவு வந்துவிட்டது, ஏட்டுச் சுரைக்காய்! அடுத்த சனிக்கிழமை பதினோரு பேரை எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அழைத்துப் போனேன். ஆடி மாதம், தண்ணீர் இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபைக் கடன் வாங்கி, அதில் தண்ணீரை நிரப்பி, கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வழியும் கலுங்கின் மட்டத்திலிருந்து கீழே அரை மீட்டருக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டே போனோம். சீமைக்கருவேல முள் குத்தாத கால் இல்லை. டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்ததால் முதல் நாள் வேலை முழுவதும் வீணாயிற்று. குமிழி இருந்தால் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டம் காட்டாது என்பதை அந்தப் பதினோரு பேரும் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

ஐந்து சனிக்கிழமைகள் கழித்துக் கணக்கு முடிந்தது. கண்மாயின் கொள்ளளவு 2,40,000 கன மீட்டர். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் 49 ஏக்கருக்குப் பாயும். இதை மடைக்கரையில் உட்கார்ந்திருந்த நீர்பாய்ச்சியிடம் பெருமையோடு படித்துக் காட்டினார்கள். அந்தப் பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என் அப்பா காலத்துலயே நாப்பது தாண்டலயே தம்பி, எங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சீக?" என்று கேட்டார். தரையிலிருந்து, என்றார்கள். அவர் எழுந்து போய் மடைக்கல்லைக் கையால் தட்டினார். "இதுக்குக் கீழ நிக்கிற தண்ணி மாட்டுக்கும் மீனுக்கும். வயலுக்கு அது எப்படி ஏறி வரும்?"

அவையோரே, ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லை வரை துண்டுகளைக் கூட்டும் தொகையீட்டை நான் முப்பத்தோரு ஆண்டுகள் நடத்தியவன். மேல் எல்லை கலுங்கு என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட எனக்கு, கீழ் எல்லை மடைக்கல் என்பது தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வந்து அந்தத் தொகையீட்டின் கீழ் எல்லையைத் திருத்திக் கொடுத்தார். திருத்திய கணக்கில் 1,80,000 கன மீட்டரும் 37 ஏக்கரும் வந்தன. "வெயில் குடிக்கிறதக் கழிச்சா முப்பதுன்னு வச்சுக்குங்க" என்றார் அவர். அந்த ஆண்டு ஊர்க்கூட்டத்தில் எத்தனை ஏக்கர் நடுவது என்று பேசும்போது எங்கள் தாளை எடுத்து வைத்தார்கள். கேள்வி கேட்ட மாணவனே எழுந்து விளக்கினான்.

இதற்கு இரண்டு கிரெடிட் கேட்டு நான் பணியாற்றிய கல்லூரியில் விண்ணப்பித்தேன். 75 மதிப்பெண்ணுக்கு வினாத்தாளை யார் எடுப்பது என்று கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதினோரு பேரின் மதிப்பெண் பட்டியலிலும் ஐந்தாம் பகுதியின் அந்த ஒற்றைக் கிரெடிட்டே நின்றது. இத்தனைக்கும் கிரெடிட்டை உழைப்புக்குக் கூலியாக நான் கேட்கவில்லை. முள் குத்தியதற்கு மதிப்பெண் தர வேண்டாம், கீழ் எல்லை எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதத் தெரிந்ததற்குத் தாருங்கள்.

என் கோரிக்கை எங்கே போய் நிற்கும் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. வண்டல் மேடிட்ட பிறகு இன்றைக்கு அவை எவ்வளவு நீர் கொள்ளும் என்ற கணக்கு ஊராரின் கையில் இருக்கிறதா? ஊராரே நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பெயரில் பொக்லைன் இறங்கியது, அள்ளுவதற்கு முன்னும் பின்னும் ஊர்த் தரப்பில் அளந்தவர் யார்? கணிதத்துறை கொள்ளளவை அளக்கட்டும், வேதியியல் துறை வண்டலைச் சோதிக்கட்டும், வரலாற்றுத்துறை கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த வழியாக வந்தது என்று பழைய வரைபடத்தில் தேடட்டும், தமிழ்த்துறை நீர்பாய்ச்சிகளின் சொற்களைத் தொகுக்கட்டும், வணிகவியல் துறை மராமத்துச் செலவுக் கணக்கைப் படித்து ஊருக்குச் சொல்லட்டும். ஒரு கல்லூரிக்கு ஐந்து கண்மாய் போதும். கல்வியாண்டின் முதல் பாதியான ஒற்றைப்படைப் பருவமே இதற்கு ஏற்றது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அளக்க முடியாது. முகாமைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் கண்மாயைத் தண்ணீரோடு பார்க்கலாமே தவிர, ஏட்டுச் சுரைக்காய் ஏட்டிலேயேதான் இருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். மதிப்பீட்டைப் பற்றியும் செலவைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன், முதல்வர் அம்மையார் மன்னிக்க வேண்டும். பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுவதாக அறிகிறேன். இரண்டு பக்கத்தில் வரைவு ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன், மேடையிலிருந்து இறங்கும்போது தலைவரிடம் தருவேன். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்க் கண்மாயின் தெற்கு மடையில் இருப்பேன். வண்டல் அள்ளிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டியிருக்கிறது. டியூப் என்னிடம் இருக்கிறது, வருகிறவர்கள் தலைக்கு ஒரு துண்டும் காலுக்குச் செருப்பும் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.