கதிரிலேயே முளைத்த நெல்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 பிப்ரவரி முதல் வாரம், தை மாதம் பாதி கடந்த நேரம். காவிரி டெல்டா முழுக்க சம்பா நெல் அறுவடைக்கு நின்றது. அறுவடை மிஷினுக்குச் சொல்லிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். மிஷினுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மழை விட்ட மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வரப்பில் நின்ற ஒரு அம்மா, தண்ணீரில் சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொரு நெல்மணியிலும் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக முளை விட்டிருந்தது. "அறுத்துப் போட்டா கடன் அடைஞ்சிடும்னு இருந்தேன் சார்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. நனைந்த நெல் அதில் நிற்காது. பருவம் தவறிப் பெய்யும்போதெல்லாம் தளர்வு கேட்டு மனுக் கொடுப்பதே நமக்கு இன்னொரு சாகுபடி வேலையாகிவிட்டது.

அன்றைக்கு அதே வரப்பில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் ஒருவர், "புயலும் வெள்ளமும் நமக்குப் புதுசா? 52-ல அடிச்சுது, 77-ல அடிச்சுது. எல்லாம் வந்து போறதுதான்" என்றார். பக்கத்தில் ஒரு இளைஞர், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது சார். நிலத்தை வித்துட்டுத் திருப்பூருக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார். கேட்பதற்கு இரண்டும் எதிரும் புதிருமாகத்தான் இருக்கின்றன. ஆனால், எதுவும் மாறவில்லை என்பவரும் எல்லாம் முடிந்தது என்பவரும் அந்த வயலின் வடிகாலை அப்படியே தூர்ந்துபோக விடுகிறார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

பெரியவர் சொன்னது பொய் இல்லை. 1952 புயலையும் 1977 புயலையும் நாகப்பட்டினம் மறக்காது. ஆனால் இப்போது மூச்சு விட இடைவெளி கிடைக்கிறதா? 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னையை வேரோடு சாய்த்தது. அப்புறம் இந்தத் தை மழை. பேய்ந்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று நம் ஆட்கள் சொன்ன இரண்டையும் ஏழே வருஷத்தில் பார்த்துவிட்டோம். எந்த ஒரு மழையையும் காட்டி, இது உலகம் சூடாவதால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

இளைஞருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையில் உள்ள கரியமில வாயு வானத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கி உலகைச் சூடாக்கும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. 1901-லிருந்து 2018-க்குள் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இன்றே புகையை நிறுத்தினாலும் கடல் இன்னும் பல நூறு ஆண்டுகள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சாண் அளவுதானே என்று மலையில் இருப்பவர் சொல்லலாம். ஆற்றுப் பாசனம் முடியும் கடலோரமான நம் கடைமடையில் நிலத்துக்குச் சரிவே கிடையாது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வடிகால் தண்ணீர் போக வழியின்றி நிற்கும், சில இடங்களில் உப்புத் தண்ணீர் எதிரேறி உள்ளே வரும். தலைஞாயிறு பக்கம் ஒருவர் மடையைத் திறக்கும் முன் வாய்க்கால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கரித்தால் மடையைத் திறக்க மாட்டார்.

வந்துவிட்டது இவ்வளவு. இன்னும் எவ்வளவு வரும் என்பது முடிவாகவில்லை. கால் டிகிரி குறைந்தாலும் கடைமடைக்கு அது பெரிய வித்தியாசம். புகை விட்டவர்கள் எங்கோ இருக்க நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனாலும் தண்ணீர் கட்டியே கிடக்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் அது குறையும், மேட்டூர்த் தண்ணீரும் மிஞ்சும். இதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

விதையிலும் வழி இருக்கிறது. சிஆர் 1009 சப்-1 என்ற ரகம், இளம்பயிராக இருக்கும்போது ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். உப்பு ஏறிய மண்ணுக்குக் குழியடிச்சான் என்று நம் முன்னோர் வைத்திருந்த நெல் உண்டு. ஆனால் அந்த அம்மாவின் கதிர் முளைத்ததற்கு இந்த ரகங்கள் மருந்தாகாது. அங்கே தேவைப்பட்டது தண்ணீர் வடிய ஒரு வழி. தூர் வாருவது என்றாலே நமக்குப் பாசன வாய்க்கால்தான் நினைவுக்கு வருகிறது, வடிகாலை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கிராமசபையில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.

அந்த அம்மா ஆவணியில் எனக்குப் போன் செய்தார். "பள்ளத்துல இருக்குற ரெண்டு மா நிலத்துக்குத் தண்ணி தாங்குற நெல்லு விடலாம்னு இருக்கேன். மேட்டுக்கு எப்பவும் போடுறது. சரியா வருமா சார்?" என்று கேட்டார். சரியாக வரும் என்றேன். வடிகால் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

"ஆகாயத்தாமரையா அடைச்சுக் கிடந்துச்சு. நாங்க ஏழு வீட்டுக்காரங்களும் இறங்கி இழுத்துப் போட்டோம். மதகு வரைக்கும் ஆச்சு, அதுக்கு அந்தாண்ட இன்னும் பாக்கி இருக்கு" என்றார்.

நன்றி, வணக்கம்.