வளர்த்தது கடலில் விழுந்த ராக்கெட்டுகளே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இந்திய விண்வெளித் திட்டத்தைப் பெரிதும் வளர்த்தது வெற்றிகளா, தோல்விகளா என்பது தலைப்பு. தோல்விகளே என்பது எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் 1975இல் ஏவப்பட்ட நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டாவைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அதை ஏற்றிச் சென்றது சோவியத் ராக்கெட். மின்வழங்கி பழுதாகி, சில நாட்களிலேயே அதன் அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. நடுவர் அவர்களே, அதையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!

நம் சொந்த ராக்கெட்டுக்கு வருவோம். 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3இன் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு கசிந்து நைட்ரிக் அமிலம் வீணானது. திசை திருத்த வழியின்றி ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. கோளாறு தெரிந்தது; மறு ஆண்டே ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது.

உண்மையான பள்ளிக்கூடம் அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்தான். பக்கவாட்டில் இரண்டு பூஸ்டர்கள் முதலில் எரியும். அவை அணையும் நேரத்தில் நடு மோட்டார் பற்ற வேண்டும். 1987இல் அது பற்றவே இல்லை. 1988இல் பற்றியது, ஆனால் பூஸ்டர் விசை குறைந்து நடு மோட்டார் விசை எழும் அந்த இடைவெளியில் ராக்கெட் நிலைகுலைந்து உடைந்தது. காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கட்டம் அது. கொஞ்சம் சாய்ந்தாலும் தாங்காது. பிறகு என்ன செய்தார்கள்? கடிகாரம் பார்த்து நடு மோட்டாரைப் பற்றவைப்பதை விட்டுவிட்டு, பூஸ்டர் விசை குறைவதைப் பறக்கும்போதே உணர்ந்து பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அடியில் துடுப்புகள் பொருத்தினார்கள். 1992 மே மாதம் ராக்கெட் அந்தக் கட்டத்தைத் தாண்டியது.

“மங்கள்யான் முதல் முயற்சியிலேயே செவ்வாயை எட்டியதே?” என்கிறார்கள். எட்டியது. சுமந்து சென்றது பி.எஸ்.எல்.வி. அந்த ராக்கெட்டின் முதல் பயணம் 1993 செப்டம்பரில், கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையோடு கடலில் முடிந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும் எஞ்சினின் கதை இன்னும் கடினம். ரஷ்யா தொழில்நுட்பம் தர முடியாமல் போன பிறகு நாமே செய்த எஞ்சின், 2010 ஏப்ரலில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் பறந்தது. திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் நின்றுவிட்டது. கடுங்குளிரில் பம்பின் பேரிங்கும் வெளிக்கூடும் சுருங்குவதைக் கணக்கில் எடுத்துப் பம்பை மாற்றினார்கள். வெற்றிடத்தில் எஞ்சின் பற்றுகிறதா என்று நம் மகேந்திரகிரியில் சோதித்தார்கள். 2013 ஆகஸ்டில் ஏவுவதற்கு 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு! ராக்கெட்டைத் திரும்ப எடுத்துச் சென்று, புதிய அலுமினியக் கலவையில் செய்த தொட்டியோடு அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5இல் வென்றது.

கடைசியாக, எதிரணியின் பிரம்மாஸ்திரம்: சந்திரயான்-3. அதன் கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி ஏன் வலுவாக்கப்பட்டன? நடுவில் இருந்த ஐந்தாவது எஞ்சின் ஏன் கழற்றப்பட்டது? 500 மீட்டர் சதுரமாக இருந்த தரையிறங்கும் இடம் ஏன் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது? சந்திரயான்-2இன் தரையிறங்கும் கலம் நிலவில் மோதிய 2019 செப்டம்பர் 7ஆம் தேதியைச் சொல்லாமல், அடுத்துப் பேச வரும் நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.