கட்டிலுக்கு வெளியே ஆகும் செலவு

அனைவருக்கும் வணக்கம்.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று ஆனது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஆண்டுக்கு ஐந்து லட்சம். ஆட்சி மாறினாலும் இதை யாரும் நிறுத்தவில்லை. தாலியை அடகு வைக்காமல் ஒரு கூலித் தொழிலாளி இதய அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிகிறதே, அது சாதாரண விஷயமா?

ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் பாருங்கள். கணவருக்கு வாரம் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருப்பதால் அதற்குக் காசில்லை, சரி. கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்து, நான்கு மணி நேரம் காத்திருந்து, களைத்துப்போனவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு திரும்பினால் பொழுது போய்விடுகிறது. அன்றைய கூலி போச்சு. வாரத்தில் மூன்று நாள் வராதவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஒரு நோயாளிக்காக இரண்டு பேருடைய வருமானம் நிற்கிறது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அடுத்தது மாத்திரை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று தனியார் மருத்துவரிடம் போய்வந்தால் அட்டை செல்லாது; மருத்துவமனையில் செய்யும் அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் போன்றவற்றுக்குத்தான் செல்லும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, மனதாரப் பாராட்டுகிறேன். அது எட்டாத வீட்டில் என்ன நடக்கிறது? கையில் காசில்லாத மாதம் மாத்திரை நிற்கிறது. நாளாவட்டத்தில் சிறுநீரகம் கெடுகிறது. அப்போது அதே அட்டை டயாலிசிஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது! தாய்லாந்தில் 2002-லேயே வெளிநோயாளி சிகிச்சையையும் சேர்த்துத்தான் பொதுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம்மாலும் முடியும்.

அட்டை பெறுவதற்கான வருமான வரம்பையும் பேச வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நாளுக்கு 400 ரூபாய் கூலியில் 300 நாள் உழைத்தாலே ஒருவருக்கு அந்தத் தொகை வந்துவிடும். கணவனும் மனைவியும் உழைத்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. இவர்களா வசதிபடைத்தவர்கள்? 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் தருவதாக 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்ததே, அந்த மனம் உழைக்கும் வயதினர் விஷயத்திலும் வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்து லட்சத்தைப் பத்து லட்சமாக்குவதற்கு முன்னால், மாதாந்திர மாத்திரையைச் சேருங்கள். நீண்ட நாள் சிகிச்சைக்குத் துணைக்கு வருபவருக்குக் கூலி இழப்பீடும் பஸ் செலவும் கொடுங்கள். வரம்பை உயர்த்துங்கள்.

இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒன்று: அட்டையில் சிகிச்சை என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.